இந்திய லைசென்ஸுடன் பிரிட்டனில் கார் ஓட்டுபவர்களுக்கு: பதின்மூன்றாவது மாதம் ஜாக்கிரதை

இரவு வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு செவிலியரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. காரணம் அற்பம்: பின்விளக்கு ஒன்று எரியவில்லை. லைசென்ஸைக் காட்டினார். பத்தாண்டுகளாக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிய தமிழ்நாட்டு லைசென்ஸ். இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று காவலர் கேட்டார். பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த மழையிலேயே கார் இழுவை வண்டியில் ஏறியது. மீட்க வேண்டுமானால் செல்லுபடியாகும் லைசென்ஸும் இன்சூரன்ஸும் காட்ட வேண்டும் என்றார்கள். அவை இருந்திருந்தால் கார் ஏன் போயிருக்கப்போகிறது?

விதி இரண்டு வரிதான். பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸை வைத்தே கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் லைசென்ஸ் வேண்டும். இலங்கை லைசென்ஸுக்கும் இதே கதிதான். ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் போன்ற சில நாட்டு லைசென்ஸ்களைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. இருபது ஆண்டு ஓட்டியவரும் எல்.எல்.ஆரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எல்லோரும் சறுக்கும் இடம் அந்த 12 மாதக் கணக்கு. கார் வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்ததும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று நண்பர் சொன்னதை நம்புகிறார்கள். தொடங்காது. குடியிருக்க வந்த நாளைப் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். அது ஒன்றுதான் கணக்கு.

அந்த 12 மாதத்துக்குள்ளும் இந்திய லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு மட்டும் எடுத்த லைசென்ஸ் காருக்கு உதவாது. புறப்படுவதற்கு முன் அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது, மத்திய அரசின் லைசென்ஸ் பதிவுகள் இருக்கும் 'சாரதி' இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் விவரம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய புத்தக லைசென்ஸ்கள் பல அதில் ஏறவே இல்லை. ஏற்ற வேண்டுமென்றால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போ என்பார்கள். அங்கே போனால் பழைய பதிவேட்டைத் தேட வேண்டும், அடுத்த வாரம் வா என்பார்கள். லண்டனிலிருந்து அடுத்த வாரம் எப்படி வருவது?

சர்வதேச ஓட்டுநர் அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புரோக்கர்கள் நன்றாகச் சம்பாதிப்பது இதில்தான். இதற்கான அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். எட்டாயிரம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் ஓராண்டுக்கு மேல் செல்லாது. 12 மாதக் கணக்கை ஒரு நாள்கூட நீட்டிக்காது. பிரிட்டிஷ் சட்டம் அதைக் கேட்பதும் இல்லை. வாடகைக் கார் நிறுவனங்களில் சில கேட்கும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் நீங்களே விண்ணப்பியுங்கள். விசாவும் மருத்துவச் சான்றும் கட்டாயமில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜனவரியிலேயே விதியைத் திருத்திவிட்டது. கவுன்ட்டரில் இருப்பவர் இன்னும் கேட்டால் அந்த அறிவிப்பை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் எடுபடாது.

அடுத்தது இன்சூரன்ஸ். விலை ஒப்பிடும் இணையதளங்களில் 'எந்த வகை லைசென்ஸ்' என்று ஒரு கேள்வி வரும். 'பிரிட்டிஷ் முழு லைசென்ஸ்' என்று குத்தினால் தொகை சட்டென்று இறங்கும். அறைத் தோழர்கள் இதை ரகசிய உத்திபோலச் சொல்லித்தருவார்கள். விபத்து நடக்கும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். நடந்த பிறகு நிறுவனம் பொய்த் தகவலைக் காட்டி பாலிசியை ரத்து செய்யும். அதற்குப் பின் எங்கே போனாலும் 'உங்கள் பாலிசி எப்போதாவது ரத்தானதுண்டா' என்று கேட்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 குற்றப்புள்ளிகள். புது லைசென்ஸ் வாங்கிய முதல் 2 ஆண்டில் 6 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் போய்விடும். எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டையும் திரும்பக் கொடுக்க வேண்டும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் அதே 6 புள்ளிகள்தான்.

எனவே வந்த முதல் மாதமே அங்கத்திய எல்.எல்.ஆருக்கு விண்ணப்பியுங்கள். இணையத்தில் 34 பவுண்ட், தபாலில் 43. அதை வாங்கினால் எல் போர்டு மாட்ட வேண்டுமோ என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் உண்டு. 12 மாதம் முடியும்வரை உங்கள் இந்திய லைசென்ஸ் முழு லைசென்ஸ்தான், எல் போர்டு வேண்டாம். முடிந்த மறுநாளிலிருந்துதான் எல் போர்டும், 21 வயதைக் கடந்து மூன்று ஆண்டு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் கட்டாயம்.

எழுத்துத் தேர்வுக்கு 23 பவுண்ட். 50 கேள்விகளில் 43 சரியாக வேண்டும். முன்பு காதில் மாட்டித் தமிழிலேயே கேள்விகளைக் கேட்கும் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் ஆங்கிலம், வெல்ஷ் தவிர மற்ற எல்லா மொழிகளையும் நிறுத்திவிட்டார்கள். இதோடு ஒரு வீடியோத் தேர்வும் உண்டு: சாலையில் ஆபத்து உருவாகும்போது மவுஸைச் சொடுக்க வேண்டும். நம்மவர்கள் இதில் தோற்பது விசித்திரமான காரணத்தால். நம் சாலையில் பழகிய கண்ணுக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரிகிறது. விடாமல் சொடுக்கினால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம்.

சாலைத் தேர்வுக்குக் கட்டணம் வாரநாளில் 62 பவுண்ட். சிக்கல் பணமல்ல, தேதி. பல ஊர்களில் மாதக்கணக்கில் இடம் கிடைப்பதில்லை. தேதிகளை வாரிக்கொண்டு பல மடங்கு விலைக்கு விற்கும் கூட்டம் அங்கேயும் இருக்கிறது. புரோக்கர் நம் ஊர்ச் சொத்து மட்டுமல்ல. எழுத்துத் தேர்வு தேறியது 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் தேறிய அன்றே சாலைத் தேர்வுக்குப் பதியுங்கள். கியர் இல்லாத காரில் தேர்வு கொடுத்தால் கியர் காரை ஓட்ட முடியாது. வேலை கொடுப்பவர் எந்தக் கார் தருவார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வு நாற்பது நிமிடம். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டும் வேலை இல்லை, நிஜச் சாலையில் ஓட்ட வேண்டும். இரண்டு நாட்டிலும் இடதுபக்கம் ஓட்டுகிறோம், ஸ்டியரிங் வலதுபக்கம், பிறகென்ன என்று போகிறவர்கள்தான் முதலில் தோற்கிறார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது இடதுபுறம் தடையின்றித் திரும்பும் வழக்கம் அங்கே இல்லை. கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். தேர்வு அந்த இடத்திலேயே முடிந்தது. ரவுண்டானாவில் வண்டியின் மூக்கை முதலில் நுழைத்தவருக்கு வழி என்பது நம் வழக்கம். அங்கே வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் காரிலிருந்து ஹாரன் அடிப்பதும், குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிப்பதும், ஆபத்தைத் தவிர்க்க அல்லாமல் என்றால், குற்றம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஹெட்லைட். நம் ஊர்க் குறுகிய பாலத்தில் எதிரே லாரி வருகிறது, விளக்கை இரண்டு முறை சிமிட்டுகிறது. 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். இங்கிலாந்தில் இருபுறமும் கார்கள் நிறுத்திய ஒற்றைத் தெருவில் எதிர்க்கார் விளக்கைச் சிமிட்டினால், 'நான் நிற்கிறேன், நீ வா' என்று பொருள். புதிதாகப் போனவர் பழக்கதோஷத்தில் சிமிட்டிவிட்டு முன்னேறுவார். எதிரில் இருப்பவர் நன்றி சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டே முன்னேறுவார். தெருவின் நடுவில் இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு. பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகமோ இரண்டையும் ஏற்பதில்லை: 'நான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே சிமிட்டலாம் என்கிறது. தேர்வு நாளில் விளக்கைச் சிமிட்டும் அந்தக் குச்சியைத் தொடாதீர்கள். யாராவது உங்களுக்குச் சிமிட்டினால் கண்ணாடியைப் பார்த்து, வழி இருப்பதை நீங்களே உறுதிசெய்துகொண்டு நகருங்கள்.

வீடு மாறினால் லைசென்ஸிலும் காரின் பதிவுச் சான்றிலும் முகவரியை மாற்றுங்கள்; இதற்குக் கட்டணம் இல்லை, மாற்றாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. நம் ஊர் சலானைப்போல வண்டியை விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. கேமராவில் சிக்கினால், ஓட்டியது யார் என்று கேட்டுக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். 28 நாளுக்குள் பதில் இல்லையென்றால் அதற்குத் தனியாக 6 புள்ளிகள். பழைய வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பார்.