முப்பது வயதுக்கு மேல் பி.எச்.சி.யில் ஒரு இலவசப் பரிசோதனை

சர்க்கரை, பி.பி. பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பெண்களை நர்ஸ் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் கூப்பிடுவதுண்டு. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று நழுவுகிறவர்கள் அதிகம். ஒன்றும் இல்லாதபோதே செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை அது.

தேசிய வழிகாட்டுதலின்படி 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இது இலவசம். தமிழ்நாட்டில் முதலில் தேனியிலும் தஞ்சாவூரிலும் செய்துபார்த்த பிறகே மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் வி.ஐ.ஏ. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் (வினிகரில் இருப்பதுதான்) தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறுபட்ட செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, முடிவும் அப்போதே தெரிந்துவிடும். இவ்வளவு எளிதான சோதனையால் என்ன பயன் என்று கேட்டால், பதில் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது: அங்கே நடந்து 2007இல் வெளியான ஆய்வில், இந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது.

பலர் இதை எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) டெஸ்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. எச்.பி.வி. டெஸ்ட் வைரஸையே தேடும், வி.ஐ.ஏ. அந்த வைரஸ் விட்டுப்போன மாற்றத்தைத் தேடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி.யால் வருவதுதான். அதில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம்.

தொற்று பரவுவது உடலுறவு வழியாக, தோலோடு தோல் படுவதால். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. உடனே வீட்டில் சந்தேகம் கிளம்பும். சரி, இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: வாழ்க்கையில் ஒருமுறையாவது பெரும்பாலோருக்கு இது தொற்றும், அதிகம் பேருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, 15, 20 வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். அதனால் இன்று தெரியவரும் தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. கணவரைப் பரிசோதிக்கலாம் என்றால், ஆண்களுக்கு வழக்கமான எச்.பி.வி. டெஸ்ட்டே கிடையாது.

'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து பெரிய ஆஸ்பத்திரியில் கால்போஸ்கோப்பி என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால் அந்த இடத்தை உறையவைத்தோ சுட்டோ அகற்றிவிடலாம். கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லாமலே பெரும்பாலும் முடிந்துவிடும். வழியில் நின்றுபோகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறார்கள், பயத்தில்.

மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு மாற்றம் தெரியும் இடம் உள்ளே போய்விடுவதால் வி.ஐ.ஏ. சரியாகக் காட்டாமல் போகலாம். அவர்கள் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்ப்பது) பற்றியோ எச்.பி.வி. டெஸ்ட் பற்றியோ டாக்டரிடம் கேட்கலாம். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் முப்பது ஆனதும் வரத்தான் வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. அப்புறம், உடலுறவுக்குப் பிறகோ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால் ஐந்து வருடக் கணக்குப் பார்க்காதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.