பிரஷில் தங்கிய நீலம்

‘ஒரு தடவை தலைக்குக் குளித்தால் போய்விடும்’ என்று டப்பாவில் போட்டிருந்த நீலச் சாயத்தை ஒருமுறை தலையில் பூசிப் பார்த்தேன். முடியிலிருந்து அது சொன்னபடியே போய்விட்டது. தலைவாரும் பிரஷின் வெள்ளை நைலான் முட்களில்தான் இன்றுவரை நிற்கிறது. டப்பா பொய் சொல்லவில்லை. அது முடியைப் பற்றி மட்டும்தான் பேசியது.

முடியின் வெளியுறை, கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. நிரந்தரச் சாயத்தில் இருப்பவை நிறமில்லாத சின்னஞ்சிறு மூலக்கூறுகள். அம்மோனியா போன்ற காரம் செதில்களைத் தூக்கிவிட, அவை உள்ளே நுழைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் வினைபுரிந்து, பெருத்து நிறமாகி அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. தற்காலிகச் சாயத்தின் மூலக்கூறு முதலிலேயே பெரியது. செதில்களின் மேல் உட்காருவதோடு சரி. தவிர, இவற்றில் பலவற்றுக்கு எதிர் (நெகட்டிவ்) மின்சுமை. அமிலத்தன்மையின் அளவான பிஎச் சுமார் 4-க்கு மேலுள்ள நீரில் முடிக்கும் எதிர் மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் ஷாம்பூ பட்டதும் சாயம் கிளம்பிவிடுகிறது.

ப்ளீச் செய்த முடியில் இந்தக் கணக்கு செல்லாது. செதில்கள் பெயர்ந்து முடி பஞ்சாகியிருக்கும். பெரிய மூலக்கூறுக்கும் அதில் இடம் கிடைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஷாம்பூ போட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, அடுத்தடுத்த குளியல்களில் திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி. மெழுகு வகைச் சாயம் என்றால் முதலில் எண்ணெய் தடவி இளக்கிக்கொள்ளலாம். நெற்றியில் பட்ட கறைக்கும் எண்ணெய் போதும்.

சரி, பிரஷுக்கு என்ன ஆயிற்று? இந்தச் சாயங்களில் பல, கம்பளிக்கும் பட்டுக்கும் நிறமேற்றும் ‘அமிலச் சாயங்கள்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. புரத இழைகளில் இந்தச் சாயம் பற்றிக்கொள்ளும் அமீன் என்ற அணுக்கூட்டங்கள் நைலானிலும் உண்டு. ஆக, நைலானும் அதே சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பளியில் கறை பட்டதும் வினிகரும் வெந்நீரும் ஊற்றுபவர்கள், சாயப்பட்டறையில் நடப்பதை வீட்டில் செய்கிறார்கள். அமிலம் இழைக்கு நேர் மின்சுமை தர, சாயம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும்தான் அதற்குச் சரி. பருத்தி அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியை மட்டும் காட்டாதீர்கள்.

பளபளப்பான டைலின் மேற்பூச்சு கண்ணாடி மாதிரி, துடைத்தாலே போய்விடும். டைல்களுக்கு நடுவிலுள்ள சிமென்ட் கோடு நுண்துளைகளால் கறையை உறிஞ்சிவிடும். அதற்குக் குளோரின் ப்ளீச் உதவும். ப்ளீச் சாயத்தைக் கழுவி வெளியேற்றுவதில்லை. ஒளியை உறிஞ்சும் இரட்டைப் பிணைப்புகளை உடைக்கிறது. நிறம் போய்விடுகிறது, மிச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ப்ளீச்சோடு வினிகரைக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும், ஜாக்கிரதை. பளிங்குக் கல்லில் தனி வினிகரும் வேண்டாம், கல்லையே அரித்துவிடும். அக்ரிலிக் தொட்டியில் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை விரிசல் விழலாம்.

என் பிரஷை ஒருநாள் ஸ்பிரிட்டில் ஊறப் போட்டேன். ஸ்பிரிட் நீலமானது. முட்கள் வெளிர்நீலத்தில் நின்றுவிட்டன.