முதல் முகாம் கத்தி: தடிமனைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்

மலையேற்றத்துக்கும் முகாமுக்கும் முதன்முதலாக ஒரு மடங்காத கத்தி வாங்கப் போகிறவர்களின் கண் பெரும்பாலும் கனத்த, நீளமான, முரட்டுக் கத்திகள்மீதே விழுகிறது. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகு எளிதில் ஒடியாது என்பது உண்மைதான். ஆனால் முகாமில் கத்திக்கு வாய்க்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: கயிறு அறுப்பது, காய் நறுக்குவது, கூடாரத்துக்கு முளை சீவுவது, மழையில் நனைந்த கட்டையைப் பிளந்து உள்ளே காய்ந்திருக்கும் பகுதியிலிருந்து சிராய் எடுப்பது. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே நேர்த்தியாக வெட்டும் வேலை. அதற்குத் தடிமன் பெரும்பாலும் இடைஞ்சல்.

வெட்டு என்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பொருளுக்குள் இறங்க வேண்டும். நன்றாகத் தீட்டிய வாயின் நுனி ஒரு மைக்ரான் அளவுக்கு மெல்லியது. மனிதத் தலைமுடியோ அதைப்போலப் பல பத்து மடங்கு தடிமனானது. கை கொடுக்கும் விசை முழுவதும் அந்தச் சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் மிக அதிகமாகி, பொருளின் இழைகள் அறுபடுகின்றன. அடுத்து, உள்ளே இறங்கிய அலகு ஆப்பாக மாறி இரு பக்கங்களையும் விலக்க வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் முரட்டுக் கத்தி தோற்கிறது. வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், அதற்குப் பின்னால் அலகு சட்டென்று தடித்தால், கேரட் சீராக வெட்டுப்படாது, வெடித்துப் பிளக்கும்.

ஆகவே முதல் கத்திக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு சுவீடனின் மோரா ஊர்க் கத்தி. அங்கே 1891-இல் தொடங்கிய ஒரு பட்டறையின் மரபில் வந்த மோராக்னிவ் நிறுவனத்தின் ‘கம்பானியன்’ விலை குறைந்தது. அதன் அலகு சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். ஸ்காண்டிநேவியப் பாணியில், அலகின் பக்கங்கள் தட்டையாக வந்து, ஓரிடத்தில் திரும்பி, அகலமான ஒரே சரிவாக வாயை நோக்கி இறங்குகின்றன. அந்தச் சரிவு மரத்தின்மேல் படிந்து நகரும்போது வெட்டின் ஆழம் கைக்குக் கட்டுப்படுகிறது. புதியவருக்கு இதைவிடப் பெரிய நன்மை சாணைக்கல்லில் இருக்கிறது. கோணத்தைக் கையால் பிடித்து வைத்திருப்பதுதான் தீட்டுவதில் மிகக் கடினமான பகுதி. இங்கே சரிவைக் கல்லின்மேல் படிய வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: வாய் மெல்லியதாக இருப்பதால் எலும்பிலும் காய்ந்த மரக்கணுவிலும் அழுத்தித் திருகினால் வாய் பல் பல்லாக உடையும்.

எஃகின் பெயரைப் பற்றி மக்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். பெயரைவிட அது எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதே முக்கியம். எஃகைச் செந்தணலாகச் சூடேற்றும்போது அதன் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, இடையில் கார்பன் கரைகிறது. உடனே எண்ணெயிலோ வேறு ஊடகத்திலோ குளிரவைத்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது சிக்கிக்கொண்டு அடுக்கை நெளிக்கிறது. இப்படி உருவாகும் மார்ட்டென்சைட் என்ற எஃகு அமைப்பு மிகவும் கடினமானது, ஆனால் நொறுங்கும். அதனால் மறுபடியும் மிதமாகச் சூடேற்றி, சிறிது கடினத்தை விட்டுக்கொடுத்து, தாங்கும் தன்மையை மீட்கிறார்கள். முதல் கத்திக்கு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 58 வரை போதும். இன்னும் கடினமான எஃகில் கூர் நீண்ட நாள் நிற்கும். மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் அதைத் தீட்டிப் பாருங்கள், கை நோகும்.

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாக மூடிக்கொள்கிறது. கார்பன் எஃகுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறை படியும், ஈர உறைக்குள் துரு ஏறும். கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் வராதவர் துருப்பிடிக்காததையே வாங்கட்டும்.

அலகின் எஃகு கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்றும் கேளுங்கள். கத்தியின் முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கும்போது, அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் வளைவிசை குவிகிறது. கம்பானியனில் எஃகு கைப்பிடியின் முழு நீளத்துக்கும் போவதில்லை. மணிக்கட்டுத் தடிமனுக்கு உட்பட்ட, கணுவில்லாத விறகோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடிக்கடி விறகு பிளப்பவர் முழு நீள எஃகுள்ள கத்திக்குக் கூடுதலாகச் செலவிடலாம்.

கைப்பிடியை ஈரக்கையால் பிடித்துப் பாருங்கள். விரல் வாயை நோக்கி நழுவக்கூடாது. உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாலும் கத்தி விழக்கூடாது. விமானத்தில் செல்லும்போது கத்தி, விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் மட்டுமே இருக்க வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளில், தக்க காரணமின்றி மடங்காத கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். போகும் இடத்தின் சட்டத்தைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.