ஸ்கின் டோன்: மேனி நிறம்

கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஸ்கின் டோன்’. “ஸ்கின் டோன் பச்சையடிக்குது”, “வெளுத்துப்போச்சு” என்பார்கள். ஒருவரின் தோல் படத்தில் என்ன நிறமாக, எவ்வளவு வெளிச்சத்தோடு பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

டோன் என்பதன் வேர் ‘டோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல். இழுத்துக் கட்டுவது, விறைப்பு என்று பொருள். யாழின் நரம்பை இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும் அல்லவா? அந்த வழியில் இசைக்கு வந்த சொல், லத்தீனைக் கடந்து ஐரோப்பிய மொழிகளில் பரவியது. ஓவியர்கள் அதையே வண்ணத்தின் ஒளி, இருள் அளவுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இதைத் தமிழில் ‘தோல் தொனி’ என்று எழுதுவது தவறு. தொனி, ‘த்வனி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது; குரலுக்கு உரியது. ‘சரும நிறம்’ என்பதில் பிழையில்லை. ஆனாலும் ‘மேனி நிறம்’தான் நமக்குப் பொருத்தம் என்பேன். மேனி என்ற சொல்லுக்கே உடல், நிறம் என்று இரண்டு பொருளும் உண்டு. கருமேனி, பொன்மேனி என்கிறோம். மாந்தளிர் போன்ற நிறத்தை ‘மாமை’ என்று கொண்டாடியவை சங்கப் பாடல்கள். மாநிறம் இன்றும் பேச்சில் இருக்கிறது.

படத்தைத் திருத்தும்போது வண்ணச்சாயலையும் வெளிச்ச அளவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். படத்தின் நிறங்களை வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப் என்ற கருவியில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு இருக்கும். கறுத்தவரோ சிவந்தவரோ, சரியாகப் பதிவான மேனி பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ரத்தத்தின் ஹீமோகுளோபினும் தோலின் மெலனினும் எல்லோருக்கும் பொதுவானவை என்பதே காரணம். ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது வெளிச்ச அளவும் வண்ணச் செறிவும்தான்.

ஆகவே முதலில் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்), அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி, சரிசெய்ய வேண்டும். மாப்பிள்ளையின் வேட்டியை வெள்ளை என்று நம்பி அளவெடுக்காதீர்கள். நீலம் போட்டு வெளுத்த துணி அது, அதை நம்பினால் முகம் மஞ்சளடிக்கும். எந்த நிறச்சாயலும் இல்லாத சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வதே நல்லது. அப்புறம் திருத்தும் மென்பொருள் கன்னத்துக்குக் காட்டும் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள்: சிவப்பு மிகுதி, அடுத்து பச்சை, கடைசியில் நீலம். இந்த வரிசை குலைந்திருந்தால் டியூப்லைட்டோ பந்தல் துணியோ நிறத்தை ஏற்றியிருக்கிறது என்று பொருள்.

வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுப்பாக்குவதையும் பலர் ‘ஸ்கின் டோன் கரெக்‌ஷன்’ என்றே சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இந்தக் கோணலுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஃபோட்டோ லேப்களுக்கு, பிரிண்டின் நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’ என்ற மாதிரிப் படங்களில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அந்த மேனிக்கு ஏற்றபடி இயந்திரத்தைச் சரிசெய்ததால், கறுத்த முகங்களின் நுட்பம் அச்சில் தொலைந்தது. பல நிறத்தவரும் உள்ள அட்டைகள் 1990களில்தான் பரவலாயின. 2022இல் கூகுள் வெளியிட்ட மங்க் அளவுகோல் என்ற மேனி நிறப் பட்டியலில் 10 நிறங்கள் உள்ளன. ‘மேனி நிறத் திருத்தம்’ என்றால் அவரவர் நிறத்தை அவரவர்க்கே மீட்டுத் தருவது. மற்றதற்கு ‘வெளுப்பாக்கல்’ என்று தனிப்பெயர் இருக்கட்டும்.