ஆற்றுதல்: 'கோ-ரெகுலேஷ'னுக்குத் தமிழ்

குழந்தை வளர்ப்பு வீடியோக்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் 'கோ-ரெகுலேஷன்'. வீறிட்டு அழும் குழந்தையின் நரம்பு மண்டலம், பக்கத்தில் பதறாமல் இருக்கும் பெரியவரின் குரலையும் தொடுதலையும் பற்றிக்கொண்டு மெல்ல அடங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

'ரெகுலேட்' என்பதன் வேர், லத்தீனில் 'ரெகுலா'. நேர்கோல் என்று பொருள். விதி, ஒழுங்கு எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. 'கோ' என்றால் சேர்ந்து. அப்படியே பெயர்த்து 'இணை ஒழுங்குபடுத்தல்' என்று எழுதினால் அந்தக் கோல் பிரம்பாகிவிடுகிறது.

என்னைக் கேட்டால் 'ஆற்றுதல்' போதும். 'ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்' என்பது கலித்தொகை (133). அலந்தவர் என்றால் துன்பப்பட்டுத் தவிப்பவர். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. 'ஆறுவது சினம்' என்று ஔவையார் சொன்னது தானே தணிவதை, அதாவது 'செல்ஃப் ரெகுலேஷ'னை. அதற்கு வேண்டிய முன்மூளைப் பகுதி இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். மூன்று வயதுக் குழந்தையிடம் போய் 'ஆறு' என்றால் எப்படி ஆறும்? முதலில் யாராவது ஆற்ற வேண்டும். (ஆற்றுப்படையில் வருவது வேறு ஆறு, அது வழி.)

பயத்தில் நெஞ்சைப் படபடக்க வைப்பவை பரிவு நரம்புகள். பெயரில் மட்டும்தான் பரிவு! படபடப்பைத் தணிப்பவை எதிர்ப்பரிவு நரம்புகள். இதில் பெற்றோரின் முகத்துக்கும் பங்குண்டு என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் காட்டினார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்ததும், குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போனது.

காபி ஆற்றுவதும் இதே சொல்தான். டவராவும் கொதித்தால் காபி ஆறாது.

போன வாரம் பிஸ்கட் உடைந்துவிட்டதென்று என் மகள் தரையில் புரண்டாள். "அழாதே!" என்று கத்தினேன், இன்னும் உரக்க அழுதாள். அப்புறம் நானும் தரையில் உட்கார்ந்து, தோளில் போட்டு முதுகைத் தட்டினேன். "சரி சரி... சரிடா கண்ணு." விம்மல் குறைந்து ஒரு நீளப் பெருமூச்சு வந்தது. என் தோள்பட்டையும் அப்போதுதான் இறங்கியது.

"அந்த உடைஞ்சதையே குடு" என்றாள்.