செயலியைப் புதுப்பிக்க ஃபிரேம்வொர்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

பாதியில் நின்றுபோன மறுஎழுத்துப் பணியோடு மீண்டும் ஒரு நிறுவனம் ஆலோசனைக்கு வந்திருக்கிறது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இணையச் செயலியை ஓரங்கட்டிவிட்டுப் புதிய ஃபிரேம்வொர்க்கில் (செயலி எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகத்தில்) எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். புதியது முடிந்தபாடில்லை, பழையதைத் தொட ஆளில்லை, இரண்டையும் கட்டி மேய்க்கும் செலவு மட்டும் மிச்சம். இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

செயலி பழையது என்றால் ஃபிரேம்வொர்க் பழையது என்று எண்ணுவதுதான் இத்தனைக்கும் வேர். ஆதரவு முடிந்த மொழிப் பதிப்பு, ஒரு சோதனைகூட இல்லாத நிரல், பக்கத்தின் நடுவே செருகப்பட்ட தரவுத்தள வினவல், தன் கணினியில் திருத்தி நேராகச் சர்வரில் ஏற்றும் பழக்கம் ஆகியவையே ஒரு செயலியை மூப்படையச் செய்கின்றன. இவற்றுள் எதையும் ஃபிரேம்வொர்க் தானாகத் தீர்த்து வைப்பதில்லை. அதுமட்டுமன்று, ஃபிரேம்வொர்க்குக்கும் வயதாகும். 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்குக்கு 2021 டிசம்பரோடு ஆதரவு முடிந்தது. இடையில் 2016இல் வந்த ஆங்குலர் 2 முற்றிலும் வேறாக இருந்ததால், நவீனமாகிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள் மறுபடியும் எழுத உட்கார்ந்தார்கள். 2006இல் வந்த ஜேகுவெரி என்ற லைப்ரரியை (ஆயத்த நிரல்தொகுப்பை) நம்பிய பக்கங்களோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழைய நிரலைத் தூக்கி எறிவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ரசீது தயாரிக்கும் பக்கத்தில், குறிப்பிட்ட சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வரித்தொகையை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே முழு எண்ணாக்கு, மற்றவர்களுக்கு மொத்தத்தில் முழு எண்ணாக்கு என்றொரு அலங்கோலமான நிபந்தனை இருக்கும். கண்டவுடன் அழிக்கத் தோன்றும். கணக்குப் பொருந்தவில்லை என்று எவரோ சண்டையிட்ட நாளில் எழுதப்பட்ட நிபந்தனை அது. மறுஎழுத்தில் முதலில் காணாமற்போவதும் அதுவே.

ஆகவே, முதலில் இன்றைய நடத்தையைப் பதிவுசெய்யுங்கள். எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு வருகிறது என்பதைச் சோதனைகளாக எழுதி வைத்த பிறகே நிரலில் கைவையுங்கள். அடுத்து மொழிப் பதிப்பு: பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு நின்றுவிட்டன. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய செயற்கூறுகள் பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், பதிப்பை உயர்த்தும்போதே பயனர் தந்த மதிப்பை வினவலோடு ஒட்டாமல் தனியே அனுப்பும் முறைக்கும் மாறிவிடலாம். பழைய, வலுவற்ற உருமாற்று முறையான எம்டி5இல் கிடக்கும் கடவுச்சொற்களுக்காக எல்லாரையும் புதிதாகப் பதிவுசெய்யச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் அடுத்த முறை உள்நுழையும்போது பழைய முறையில் சரிபார்த்து, அந்த நொடியிலேயே வலுவான முறையில் மாற்றிச் சேமித்தால் போதும். (நெடுநாள் வராதவர்களின் பழைய பதிவை ஒரு கெடு வைத்து அழித்துவிட்டு, வரும்போது புதுக் கடவுச்சொல் கேளுங்கள்.)

உலாவியின் பக்கம் வேலை இன்னும் எளிது. தேதி தேர்வுக்கும் மிதக்கும் சாளரத்துக்கும் ஒரு காலத்தில் சேர்த்த லைப்ரரிகளின் வேலையை இன்று உலாவியே செய்கிறது. பழைய உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவும் 2022 ஜூனில் பெரும்பாலும் முடிந்துவிட்டதால், அதற்கென்று சுமந்த ஒட்டுவேலைகளைத் தயங்காமல் நீக்குங்கள்.

தயவுசெய்து ஒன்று மட்டும்: நிரலை ஒழுங்குபடுத்தும் மாற்றத்தையும் புதிய வசதியையும் ஒரே புதுப்பிப்பில் கலக்காதீர்கள். பிழை வந்தால் எதைத் திரும்பப் பெறுவது என்று நள்ளிரவில் என்னிடம் கேட்பீர்கள், என்னிடமும் பதில் இருக்காது.