மேடேறும் லாரியின் மூச்சு

பெங்களூரு சிவாஜிநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய சித்தப்பாவிடம் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய ஆறு சிலிண்டர் லாரி ஒன்று இருக்கிறது. பாரம் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக வரும்போது, சூளகிரிப் பக்கம் அது இரண்டாம் கியருக்கு இறங்கிக் கரும்புகை கக்குகிறது. டீசல் வண்டிகளுக்கு நைட்ரஸ் சிலிண்டர் பொருத்தி அமெரிக்கர்கள் பந்தயம் ஓட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "சித்தப்பாவுக்கு இதைச் சொல்லலாமா, டர்போவைச் சொல்லலாமா?" என்கிறார்.

கரும்புகை என்பது எரியாமல் போன டீசல். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. பீய்ச்சப்படும் துளிகள் காற்றோடு கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், புகையில்லாமல் ஓட அதைவிடக் கணிசமாகவே வேண்டியிருக்கிறது. டீசலைக் கூட்டுவது டீசல் பம்ப் மெக்கானிக்குக் கை வந்த கலை, ஒரு திருகைத் திருப்பினால் முடிந்தது. காற்றைக் கூட்டுவதுதான் பாடு. அதிலும் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் ஒழுங்காக ஓடிய பம்ப் செட்டிங் இங்கே புகைவதில் வியப்பில்லை.

நைட்ரஸ் என்பது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குப் பயன்படுத்தும் அதே சிரிப்பூட்டும் வாயு. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம், இதில் 36 சதவீதம். என்ஜின் சிலிண்டருக்குள் அழுத்தத்தின் சூட்டில் மூலக்கூறு உடையும்போது ஆக்சிஜனோடு கொஞ்சம் வெப்பமும் வெளிப்படுகிறது. திரவமாக வந்து ஆவியாகும்போது உள்ளிழுக்கும் காற்றைக் குளிர்விக்கவும் செய்கிறது. அரைகுறையாக எரிந்த கரியை இது எரித்து முடிப்பதால், திறந்த கணமே புகை வெளுத்து வண்டி பாயும். காணொளியில் பார்ப்பதில் பொய் ஏதும் இல்லை.

ஆனால் சித்தப்பாவின் லாரிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதன் என்ஜின் 6 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் (ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றிழுக்கும்) அது 6,000 லிட்டர் காற்றை இழுக்கும். பெங்களூரின் மெலிந்த காற்றில் அது ஏறத்தாழ 6 கிலோ, அதில் ஆக்சிஜன் 1.4 கிலோ. இதை 30 சதவீதம் கூட்ட நிமிடத்துக்கு 400 கிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன், அதாவது 1.1 கிலோவுக்கு மேல் நைட்ரஸ் வேண்டும். 4.5 கிலோ சிலிண்டர் நான்கு நிமிடத்தில் காலி. மணிக்கு 30 கிலோமீட்டரில் மேடேறும் லாரி அதற்குள் 2 கிலோமீட்டர் வந்திருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். போதாக்குறைக்கு, 36.4 டிகிரி செல்சியஸுக்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. நம் சித்திரை வெயிலில் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும், வெளிவரும் அளவும் நிலையாக இராது. சில நொடிகளில் முடியும் பந்தயத்துக்கான பொருள் அது.

டர்போ, என்ஜின் வெளியே எறியும் சூட்டிலிருந்தே வேலை வாங்குகிறது. டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே போய்விடுகிறது. அந்தச் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். மேடு கடினமாக ஆக ஆகப் புகைவாயுவின் சூடு ஏறும், சக்கரம் வேகமெடுக்கும், காற்றும் தானாகவே கூடும்.

இதில் என்னை மயக்குவது அந்தத் தண்டுதான். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் பழைய டர்போ ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தண்டு ஒரு சாண் நீளம் இருக்கும். விரலால் அசைத்தால் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடியது. "தேய்ந்துபோச்சா அண்ணே?" என்றேன். "அப்படித்தான் ஆடணும் சார். முன்னும் பின்னும் ஆடினாத்தான் போச்சு" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சரி. ஒரு முனையில் 600 டிகிரி வாயு, மறுமுனையில் வெளிக்காற்று, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சுற்று. இந்த நிலையில் தண்டு எந்த உலோகத்தையும் தொடாமல் மிதக்கிறது. தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற உலோக வளையத்துக்கும் நடுவில் தலைமுடித் தடிமன்கூட இல்லாத எண்ணெய்ப் படலம், புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இன்னொன்று. புஷ்ஷும் தன் பங்குக்கு மெதுவாகச் சுற்றுகிறது. சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகலான பக்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போக, ஆப்பு வைத்ததுபோல் அங்கே அழுத்தம் பிறந்து தண்டையே தூக்கிப் பிடிக்கிறது.

இந்த அழுத்தம் தெரியவந்ததே தற்செயல்தான். 1883 வாக்கில் பிரிட்டனில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் தாங்கியில் (பேரிங்) எண்ணெய் விட ஒரு துளை போட்டார். ஓடும்போது எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக மேலே பொங்கியது. மரத்தக்கை வைத்து அடைத்தால் அதையும் தள்ளிவிட்டது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் 1886-இல் அந்த அழுத்தத்துக்கான கணிதச் சமன்பாட்டை எழுதினார். டவரின் சோதனை, உராய்வை அளக்க ஓர் இயந்திரப் பொறியாளர் சங்கம் கொடுத்த பணத்தில் நடந்தது. 

ஆகவே டர்போதான், ஆனால் அப்படியே மாட்டிவிட முடியாது. டர்போவோடு வந்த என்ஜின்களில் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) பெரும்பாலும் குறைவாக இருக்கும், பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடும் பலவற்றில் உண்டு. பழைய என்ஜினில் இவை இல்லாமல் காற்றையும் டீசலையும் ஏற்றினால் ஹெட் கேஸ்கெட்டோ (என்ஜின் தலைப்பகுதியின் இணைப்பை அடைக்கும் தகடு) பிஸ்டனோ போகும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது, எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட வேண்டும்.

டர்போ வந்துவிட்டால் சித்தப்பா ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மேடேறி வந்து நிறுத்தியவுடன் என்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்தால், எண்ணெய் வரத்து அந்தக் கணமே நிற்கும். தண்டோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி இருக்கிற எண்ணெய் சூட்டில் கரியாகிப் படியும். இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுப் பிறகு இழுக்கட்டும்.